காய்ச்சல் விட்ட பிறகு வீங்கிய கால்

2021 ஓகஸ்ட் மாதம், கொவிட்டின் டெல்டா அலை எங்களை மூச்சுவிடாமல் வேலை வாங்கிய நாட்கள். திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாப் பக்கமிருந்து ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை அவருடைய மனைவி ஓட்டோவில் அழைத்துவந்தார். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கொவிட் காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகியிருந்தது. இருமலும் அடங்கிவிட்டது. இடது கெண்டைக்காலில் மட்டும் வலி.

“படுத்தே கிடந்த உளைவு, டொக்டர். மூன்று நாளாக எண்ணெய் போட்டு உருவிவிடுகிறேன்” என்றார் மனைவி.

அவர் தையல் வேலை செய்பவர். கைப்பையில் அளவு நாடா இருந்தது. அதை வாங்கி, முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 சென்ரிமீற்றர் கீழே இரண்டு கால்களையும் அளந்தேன். இடது கால் 4 சென்ரிமீற்றர் பெருத்திருந்தது. வேறுபாடு மூன்றைத் தாண்டினாலே ஆழ்நாளத்தில், அதாவது தசைகளுக்குள் ஆழமாக ஓடும் குருதிக் குழாயில், குருதி உறைந்திருக்குமோ என்று நாங்கள் சந்தேகிப்போம். ஸ்கேன் அதை உறுதிசெய்தது. உருவியபோது அந்த உறைகட்டியில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தால் அது நேரே நுரையீரலுக்குப் போயிருக்கும். அன்புடன் செய்த காரியம் அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொவிட்டை நுரையீரல் நோய் என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள். அது குருதிக் குழாய்களின் நோயும்கூட. நம் குழாய்களின் உட்புறத்தில் அகவணி என்ற ஒற்றை உயிரணுப் படலம் இருக்கிறது. அது ஓயாமல் நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கிறது. குழாய் விரிந்திருப்பதும், குருதி உறைய உதவும் சிறுதட்டுகள் சுவரில் ஒட்டாமல் வழுக்கிப் போவதும் பெருமளவில் அதனால்தான்.

வைரஸ் உடலுக்குள் நுழையப் பயன்படுத்தும் ஏசிஇ-2 என்னும் புரதத்துக்குச் சொந்த வேலை ஒன்று உண்டு: அஞ்சியோரென்சின்-2 என்ற பொருளைச் சிதைப்பது. வைரஸ் அந்தப் புரதத்தை முடக்கும்போது அஞ்சியோரென்சின் தேங்குகிறது. குழாய்ச் சுவரின் உயிரணுக்கள் அதனால் தூண்டப்பட்டு, தாக்கும் இயல்புள்ள ஒட்சிசன் மூலிகங்களை அளவுக்கு மீறி உண்டாக்குகின்றன. ஒட்சியேற்ற அழுத்தம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். திருகோணமலையில் கடற்கரை ஓரம் சைக்கிள் வைத்திருப்பவருக்கு ஒட்சியேற்றம் என்ன செய்யும் என்று தெரியும். ஒரு மழைக்காலம் போதும், சங்கிலி துருவேறிவிடும். உடலுக்குள் துருவை ஒத்த இந்தச் சேதத்தைத் தடுக்க குளுற்றதயோன் போன்ற காப்புப் பொருள்கள் இருக்கின்றன. நீரிழிவு உள்ளவர்களிடம் இந்தக் காப்பு முன்பே தேய்ந்திருக்கும். அந்த அலையில் அவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூலிகங்கள் முதலில் விழுங்குவது நைத்திரிக் ஒட்சைட்டைத்தான். அது போனதும் குழாய் சுருங்குகிறது, சிறுதட்டுகள் ஒட்டுகின்றன, காயமடைந்த அகவணி உறைதலைத் தூண்டும் புரதங்களை வெளிவிடுகிறது. போதாததற்கு வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை தன் டிஎன்ஏயையே வலையாக வீசுகிறது. கிருமியைப் பிடிக்க வீசிய அந்த வலையில் சிறுதட்டும், உறைதலில் உண்டாகும் பைபிரின் என்ற புரத இழையும் சிக்கிக் கட்டியாகின்றன. கொவிட்டில் இறந்தவர்களின் நுரையீரல்களை இன்புளுவென்சாவில் இறந்தவர்களுடையவற்றோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 2020 மே மாதம் வெளிவந்தது. காற்றறைகளைச் சுற்றிய நுண்குழாய்களில் ஒன்பது மடங்கு அதிகமான உறைகட்டிகள் இருந்தன. அதைப் படித்த பிறகுதான், ஒட்சிசன் கொடுத்தும் சிலருக்கு ஏன் போதவில்லை என்பதில் பாதி எனக்கு விளங்கியது.

இந்தச் செய்தி பரவியதும் இன்னொரு ஆபத்து வந்தது. “இரத்தம் உறையுமாமே” என்று பாமசியில் அஸ்பிரின் வாங்கி விழுங்கத் தொடங்கினார்கள். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவை டெங்கு எப்படி உலுக்கியது என்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லத் தேவையில்லை. டெங்கில் சிறுதட்டு குறைந்து குருதி கசியும். அந்த நேரத்தில் அஸ்பிரினோ, இபுபுரோபனோ, டைக்குளோபெனக்கோ உயிருக்கே உலை வைக்கும். காய்ச்சல் முதல் நாளில் கொவிட்டா டெங்கா என்று எனக்கே பார்த்ததும் சொல்ல முடியாது. பரசிற்றமோல் போதும், அதுவும் அளவோடு. இதயத்துக்காக ஏற்கெனவே அஸ்பிரின் எடுப்பவர்கள், தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தாங்களாக முடிவுசெய்யாமல் காய்ச்சல் தொடங்கிய உடனே கேட்க வேண்டும். பிரித்தானியாவில் வைத்தியசாலையில் இருந்த ஏறத்தாழ 15,000 கொவிட் நோயாளர்களிடம் நடந்த ஆய்வில், அஸ்பிரின் 28 நாட்களுக்குள் நிகழும் இறப்பைக் குறைக்கவில்லை.

விற்றமின் சி மாத்திரையும் அப்படித்தான். துருவைத் தடுக்கும் பொருளை விழுங்கினால் துரு நின்றுவிடும் என்று எண்ணுவது இயல்பு. வைத்தியசாலை நோயாளர்களுக்கு நாளத்தின் வழியே அதிக அளவில் கொடுத்துப் பார்த்தும் பலன் கிடைக்கவில்லை. நெல்லிக்காயும் கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றை நம்பி வைத்தியசாலைக்கு வரத் தாமதிக்காதீர்கள் என்கிறேன்.

குருதி உறைதலைத் தடுக்க உண்மையில் உதவுவது ஹெபரின் என்னும் ஊசி மருந்து. அதிலும் நேரம் முக்கியம். அதிதீவிர சிகிச்சைக்குப் போகும் அளவுக்கு நோய் முற்றாதவர்களுக்கு முழு அளவில் கொடுத்தபோது பயன் தெரிந்தது. முற்றியவர்களுக்கு முழு அளவு உதவவில்லை. டீ-டைமர் என்ற குருதிப் பரிசோதனையைத் தாங்களாகவே செய்து, அறிக்கையோடு நடுங்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. கரைந்த உறைகட்டியின் மிச்சம் அது. வயது, கர்ப்பம், வேறு தொற்று எதிலும் கூடும். தனியாக அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

காய்ச்சல் விட்டதும் ஆபத்தும் விட்டதாக எண்ணக் கூடாது. சுவீடனில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2022 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கால் நாளத்தில் குருதி உறையும் ஆபத்து மூன்று மாதம் வரையும் நுரையீரலில் அடைப்பு ஏற்படும் ஆபத்து ஆறு மாதம் வரையும் கூடுதலாக இருந்தது. ஒரு கால் மட்டும் வீங்கினால் உருவாதீர்கள், வாருங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தினாலோ, இரத்தம் கலந்த சளி வந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். கொவிட் வந்து சில வாரங்களுக்குள் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக நேர்ந்தால், ஆறேழு மணி நேரம் காலைத் தொங்கவிட்டபடியே தூங்கிவிடாமல், கணுக்காலை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள். பஸ் நிற்கும் இடங்களில் இறங்கி நடவுங்கள்.

அந்தக் கிண்ணியாக்காரர் வயிற்றில் ஊசியும் பிறகு மாத்திரையுமாக மூன்று மாதம் சிகிச்சை எடுத்தார். கடைசிக் கிளினிக்குக்கு வந்தபோது அவருடைய மனைவி ஒரு துண்டுத் தாளை நீட்டினார். மூன்று வாரத்துக்கு முன் காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டு மூதாட்டியின் கால் அளவு: வலது 30, இடது 34. மூதாட்டி வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.