இதயத்துக்குள் நுழையும் எக்கோ

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அண்ணிக்கு இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கும் நடுவே ஓட்டை இருப்பது 35 வயதில்தான் தெரியவந்திருக்கிறது. நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடை வழியாக டிவைஸ் வைத்து மூடிவிடலாம், உள்ளேயே எக்கோ விட்டுப் பார்த்துக்கொள்வோம் என்று டாக்டர் சொன்னாராம். “உள்ளே விடுவது கேமராவா?” என்று கேட்கிறார் வாசகி.

கேமரா இல்லை. விட்டாலும் சிவப்பைத் தவிர எதுவும் தெரியாது. ஒளியின் அலைநீளம் ரத்தச் சிவப்பணுவைவிட மிகச் சிறியது. ஒவ்வொரு சிவப்பணுவிலும் மோதிச் சிதறிவிடும். எக்கோ பயன்படுத்துவது மீயொலியை, அதாவது நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியை. 7 மெகாஹெர்ட்ஸ் மீயொலிக்கு உடம்புக்குள் அலைநீளம் சுமார் 0.2 மி.மீ. சிவப்பணுவோ அதில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதனால் ஒலி ரத்தத்தை ஏறக்குறைய கண்டுகொள்ளாமல் கடந்துபோய்த் தசைச்சுவரில் பட்டுத் திரும்புகிறது. எக்கோ படத்தில் ரத்தம் கறுப்பாகவும் சுவர் வெளுப்பாகவும் தெரிவது இதனால்தான்.

இதன் அடிப்படை நாம் பள்ளியில் படித்ததுதான். அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும். 1953இல் சுவீடனின் லுண்டு நகரில் இதய மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கொண்டு இதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். நெஞ்சின் மேல் வைத்துப் பார்த்தால் விலா எலும்பும் நுரையீரல் காற்றும் குறுக்கே நிற்கும். உணவுக்குழாய் வழியாகப் பார்த்தால் படம் அருமையாக வரும். ஆனால் தொண்டையில் குழாயோடு நெடுநேரம் படுத்திருக்க முடியாது என்பதால் பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பார்கள். தொடைச் சிரை வழியாக வலது மேலறைக்கே போய்விட்டால் இந்தத் தொல்லைகள் இல்லை. பார்க்க வேண்டிய சுவர் சில செ.மீ. தூரத்தில் இருக்கிறது. தூரம் குறைந்தால் அதிர்வெண்ணைக் கூட்டலாம், கூட்டினால் நுணுக்கம் கூடும்.

சரி, இப்படி உள்ளே விடும் மெல்லிய குழாயான கதீட்டரின் தடிமனே சுமார் 3 மி.மீ. அதன் நுனி ஓரிடத்தில் நிற்கும்போதே, 90 பாகை விரிந்த விசிறி போல ஒரு படம் எப்படிக் கிடைக்கிறது? உள்ளே எதுவும் சுழல்வதில்லை, ஒரு மோட்டாரும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஏற்காடு ஏரிக்கரையில் பத்துப் பேரை வரிசையாக நிற்க வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கல்லைப் போட்டால் பத்து வட்ட அலைகளும் ஒன்றுசேர்ந்து ஒரே நேர்க்கோட்டு அலையாகி எதிர்க்கரையைப் பார்த்துப் போகும். இடது ஓரத்தில் இருப்பவர் முதலில் போட, அடுத்தவர் கொஞ்சம் தாமதித்துப் போட, இப்படியே வரிசையாகப் போனால்? இடப்பக்க அலை முன்னால் போயிருக்கும், வலப்பக்கம் பின்தங்கியிருக்கும். கோடு சாய்ந்துவிடும்; அலை வலப்பக்கமாகத் திரும்பிப் போகும். யாரும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. இரண்டு ஓரத்தவரும் முதலில் போட்டு நடுவில் இருப்பவர் கடைசியாகப் போட்டால், அலை வளைந்து தண்ணீரில் ஒரு புள்ளியில் குவியும்.

கதீட்டர் நுனியில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளத்தில், 64 படிகத் துண்டுகள் இப்படி அணிவகுத்திருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடையே விட வேண்டிய தாமதம் ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தத் தாமதத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தே கணினி ஒலிக்கற்றையைத் திசை திருப்புகிறது. கேட்கும்போதும் அதே தந்திரம்: 64 துண்டுகளில் வரும் எதிரொலிகளை அதே போலத் தாமதித்துக் கூட்டினால், எந்தத் திசையிலிருந்து வந்தது மட்டும் வேண்டுமோ அது ஓங்கி நிற்கும், மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒலி உடம்புக்குள் விநாடிக்கு 1540 மீட்டர் போகிறது. 10 செ.மீ. ஆழம் போய்த் திரும்ப 130 மைக்ரோவிநாடி போதும். நூறு கோடுகள் சேர்ந்தால் ஒரு படம் என்று வைத்துக்கொண்டாலும் விநாடிக்கு 70 படத்துக்கு மேல் எடுத்துவிடலாம். துடிக்கிற இதயம் இந்த வேகத்துக்கு முன்னால் நிதானமானதுதான்.

கதீட்டர் சிகிச்சை நடக்கும் அறையான கேத் லேபில் டாக்டர் பார்ப்பது இதைத்தான். மேலறைச் சுவர் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும், நடுவில் கோடு அறுந்திருக்கும். அங்கே நிக்கல்-டைட்டானியம் கம்பி வலையாலான டிவைஸின் இடது தட்டு முதலில் விரியும். அதை இழுத்துச் சுவரோடு அணைத்த பிறகு வலது தட்டு விரியும். கழற்றிவிடுவதற்கு முன் கம்பியை லேசாகத் தள்ளியும் இழுத்தும் பார்ப்பார்கள். இரண்டு தட்டுக்கும் நடுவே சுவரின் விளிம்பு சிக்கியிருக்கிறதா என்று திரையில் உறுதிசெய்த பின்பே பிடியை விடுவார்கள்.

வாசகி இன்னொன்றும் எழுதியிருந்தார்: கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இது என்று அண்ணியின் தாயாரை வீட்டில் இன்னும் குறை சொல்கிறார்களாம். இது அநியாயம். கிரகணம் என்பது நிழல், அது கருவைத் தொடுவதில்லை. மேலறைத் தடுப்புச்சுவர் உருவாவது கருவின் முதல் இரண்டு மாதங்களுக்குள், பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்றே அப்போதுதான் தெரியவரும். அந்த அம்மாவிடம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கதீட்டர் விலை அதிகம், ஒருமுறை பயன்பாட்டுக்கென்றே தயாராவது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் அரசுப் பணத்தில் உருவாக்கிய செயற்கை இதய வால்வு 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க முடியாதவர்களுக்கு அது வழிவிட்டது. மீயொலிக் கதீட்டருக்கும் அப்படிப் பொறுமையாகப் பணம் போட்டால், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையிலும் இது வழக்கமாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

அண்ணிக்கு: மயக்கம் லேசாகத்தான் இருக்கும் என்றால் பயப்பட வேண்டாம், இந்த முறையில் அதுவே போதும். உள்ளே எக்கோ வலிக்காது. முடிந்த பிறகு தொடை மடிப்பில் துளைத்த இடத்தை அழுத்திக் கட்டுவார்கள். சில மணி நேரம் அந்தக் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும்.