ஷாக் அப்சர்வரா, அதிர்வுறிஞ்சியா?

எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப் பலகையில் 'ஷாக் அப்சர்வர் சர்வீஸ் செய்யப்படும்' என்று சிவப்பு பெயின்டில் எழுதியிருக்கும். அப்சர்வர் என்றால் தேர்தல் பார்வையாளர் மாதிரி, ஓரமாக நின்று கவனிப்பவர். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது வேடிக்கை பார்க்கும் பாகம் என்று நினைத்தால் சிரிப்பு வரும்தான், ஆனால் என் பழைய வண்டியின் பின்பக்க ஷாக் இரண்டும் கடைசிக் காலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. பேச்சில் இது ஷாக்கப்சர், ஷாக்கப், வெறும் ஷாக். மூலச்சொல் ஷாக் அப்சார்பர், மேடு பள்ளத்தில் பைக் வாங்கும் அடியைக் குறைக்கும் பாகம்.

இதில் 'ஷாக்' பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, முதலில் போர்க்களச் சொல். இரண்டு படைகள் நேருக்கு நேர் மோதிக்கொள்வதுதான் ஷாக். மின்சாரத்தில் கைவைத்தால் 'அடிக்கிற' ஷாக்கெல்லாம் பிறகு வந்த பொருள். 'அப்சார்ப்' லத்தீன், உறிஞ்சுவது என்று பொருள். இரண்டையும் அப்படியே தமிழாக்கி சிலர் 'அதிர்ச்சி உறிஞ்சி' என்று எழுதுகிறார்கள். அதிர்ச்சி மனசுக்கு வருவது. கரன்ட் பில்லைப் பார்த்தால் வருமே, அது. இரும்புக்கும் எந்திரத்துக்கும் வருவது அதிர்வு. வேர் ஒன்றுதான், அதிர். 'அதிர வருவதோர் நோய்' என்று குறளிலேயே (429) இருக்கிறது, நடுங்கும்படி வருகிற துன்பம் என்று பொருள். ஆனால் -ச்சி ஒரு பக்கம் போய்விட்டது, -வு இன்னொரு பக்கம். அதனால் குறைந்தபட்சம் 'அதிர்வுறிஞ்சி' என்றாவது எழுத வேண்டும்.

அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு சாமான்கள்: வெளியே ஒரு சுருள்வில், உள்ளே எண்ணெய் நிரப்பிய குழாயும் அதற்குள் போய்வரும் தண்டும். மேட்டில் ஏறும்போது அடியை வாங்குவது வில். வாங்கியதைத் திருப்பித் தராமல் அதற்கு இருக்க முடியாது. வில் மட்டும் இருந்தால் ஒரு ஸ்பீட் பிரேக்கருக்கு வண்டி நான்கு தடவை குதிக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் எண்ணெய்: தண்டின் முனையில் உள்ள சின்னத் துளைகள் வழியாக முக்கிமுனகிப் போகும், ஆட்டத்தின் சக்தி சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடும். (மோசமான ரோட்டில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டுக் குழாயைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்.) பிரிட்டிஷ் பொறியாளர்கள் இதனால்தான் எண்ணெய்க் குழாயை டாம்பர், அதாவது தணிப்பான், என்று தனியாகச் சொல்வார்கள். பிரெஞ்சில் 'அமோர்த்திஸ்ஸர்', சாவு என்ற வேரிலிருந்து வந்த சொல், ஆட்டத்தைச் சாகடிப்பது. ஜெர்மனில் 'ஷ்டோஸ்டெம்ஃபர்', அடியைத் தணிப்பது. உறிஞ்சும் கதையைப் பிடித்துக்கொண்டது ஆங்கிலம்தான், நாம் அதன் பின்னால் போனோம்.

என் கணக்கில் முழுப் பாகத்துக்கு அதிர்வுதாங்கி, உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய்க்கு அதிர்வடக்கி. தாங்குவது வில், அடக்குவது எண்ணெய். 'தாங்கி' ஏற்கெனவே பேரிங்குக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கட்டும், இடிதாங்கியும் சுமைதாங்கியும் கூடத்தான் இருக்கின்றன, யாரும் குழம்பவில்லை.

இந்தப் பிரிவினை எதற்கு உதவும் என்பது போன வருஷம் தெரிந்தது. "அண்ணே, ஷாக்கப்சர் போயிடுச்சு, ஜோடியா மாத்திடலாம்" என்றார் ஒரு மெக்கானிக். குனிந்து பார்த்தேன். மேல் மூடியின் குரோமில் துருப்புள்ளிகள், சுருளில் கல் பட்டுப் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. அசிங்கம்தான், ஆனால் வெறும் மேல்தோல். போனதா இல்லையா என்று சொல்ல வேண்டியது அதிர்வடக்கி. சீட்டை இரண்டு கையாலும் அழுத்திவிட்டேன். ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டது. எண்ணெய் போயிருந்தால் இன்னும் இரண்டு மூன்று ஆட்டம் ஆடியிருக்கும். அப்புறம் சுருளுக்கு நடுவே தெரிந்த பளபளத் தண்டைத் துணியால் துடைத்து நகத்தை மெல்ல ஓட்டினேன், எங்கும் தட்டவில்லை. அங்கே தட்டினால்தான் வினை. தண்டில் கடுகளவு துருக்குழி விழுந்தாலும் மேலும் கீழும் போகும்போதெல்லாம் ரப்பர் சீலைக் கிழிக்கும், எண்ணெய் வெளியே கசியும், அதில் புழுதி ஒட்டிக் கறுப்புச் சேறாகிவிடும். மூடியில் துரு என்றால் உப்புத்தாள், பெயின்ட் போதும். தண்டில் துரு என்றால் மெக்கானிக் சொன்னது சரி.

அடுத்து 'ஹார்டு வைக்கிறது, சாஃப்ட் வைக்கிறது'. வில்லின் ஒரு முனையில் படிக்கட்டு மாதிரி வெட்டிய வளையம் இருக்கிறதே, ஸ்பிளெண்டரில் 5 படி, புது கிளாசிக் 350-இல் 6 படி, அதைத் திருப்பினால் வில் கெட்டியாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். கெட்டியாகாது. அதே கம்பி, அதே சுற்று. ஆள் உட்காருவதற்கு முன்பே அதைக் கொஞ்சம் நெருக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ப்ரீலோடு, தமிழில் முன்னழுத்தம் என்றால் பொருந்தும். மெலிந்த ஆள் தனியாகக் கடைசிப் படியில் ஓட்டினால் வண்டி தன் எடைக்குக்கூட உட்காராது, பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது, தூக்கிப் போடும். அதைத்தான் ஹார்டு என்கிறோம். பின்னால் ஆளும் மடியில் சிலிண்டருமாக முதல் படியில் போனால் வண்டி பாதிக்கு மேல் அமுங்கியே கிடக்கும், மேடு வந்தால் டொம்மென்று அடிவாங்கும். படி என்னவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். என் வண்டியில் இடது 2, வலது 4. எத்தனை நாள் அப்படி ஓடியதோ.

வலதையும் 2-க்கு இறக்கப் பார்த்தால் வளையம் நகரவே இல்லை. காரணமும் தெரிந்தது: சேறும் துருவும் சேர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு யாரோ ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சுத்தியலால் தட்டியதில் வளையத்தின் பல் மழுங்கி, பக்கத்தில் பெயின்டும் பெயர்ந்திருந்தது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சி-ஸ்பேனரை (இந்த வளையத்தைத் திருப்பும் கொக்கி மாதிரியான ஸ்பேனர்) மாட்டினோம். மூன்றாவது முயற்சியில் 'டக்' என்று ஒரு படி இறங்கியது, இன்னொரு 'டக்'. மெக்கானிக் சிரித்துக்கொண்டே, "அண்ணே, உங்க அதிர்வுதாங்கிக்கு லேபர் எவ்வளவு போடட்டும்?" என்றார்.