மாடல் ரயிலுக்குத் துரு ஏற்றும்போது உங்கள் மூச்சையும் கவனியுங்கள்

மாடல் ரயில் பெட்டிகள் நிஜ வண்டி மாதிரி பழசாகத் தெரிய, பெயிண்டாலும் பவுடராலும் துருவும் அழுக்கும் ஏற்றிக் கொடுப்பது என் தொழில். பினாங்கில் என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பெயிண்ட், எந்தக் கலர் என்றுதான். எந்த அறையில் செய்கிறீர்கள் என்று கேட்டால் முழிக்கிறார்கள். பெரும்பாலும் படுக்கையறை. ஜன்னல் சாத்தி, ஏர்கான் ஓடும்.

கலர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். புதுத் துரு ஆரஞ்சு நிறம், நாள்பட்டது வறுத்த காப்பிக்கொட்டை மாதிரி இருக்கும். பட்டர்வொர்த் ஸ்டேஷன் பக்கம் சரக்கு வண்டி நின்றால் உற்றுப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் மூலை, வெல்டிங் போட்ட இடம், கதவின் அடிவிளிம்பு, இங்கெல்லாம் தொடங்கி, மழைநீர் வழியும் பக்கம் கோடாக இறங்கியிருக்கும். எச்.ஓ. என்கிற மாடல் ரயில் வகையின் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. நிஜத்தில் 10 செ.மீ. அகலமான துருத்திட்டு மாடலில் 1 மி.மீ. சொச்சம்தான். அதைவிடப் பெரிதாக அப்பினால் பொம்மையாகத்தான் தெரியும்.

சரி, காற்றுக்கு வருவோம். ஸ்ப்ளிட் ஏர்கான் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடும். லேக்கர் பெயிண்டைக் கரைக்கும் தின்னரின் ஆவியும் அதோடு சேர்ந்து சுற்றும். ஜன்னலைச் சாத்துவதற்கு அவர்கள் சொல்லும் காரணம் நியாயமானதே: மழை ஈரத்தில் லேக்கர் வார்னிஷ் வெள்ளை பூத்துவிடும். அதற்கு வழி, மழையில்லாத நேரம் பார்த்து ஸ்ப்ரே செய்வது, அல்லது தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு மாறுவது. ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் பேனா மாதிரிக் கருவி, அடிப்பவர்கள், புகையை வெளியே தள்ளும் ஃபேன் வைத்த பெட்டிக்குள் அடியுங்கள். அக்ரிலிக்காக இருந்தாலும் காற்றில் மிதக்கும் அந்தப் பொடிப் பெயிண்ட் துளிகளை மூச்சில் இழுக்கக் கூடாது.

கோவிட் காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க் போதுமே என்பார்கள். தூசிக்குப் போதும், ஆவிக்குப் போதாது. ஆவிக்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ், அதாவது தின்னர் மாதிரி ஆவிகளை உறிஞ்சும் வடிகட்டி, மாட்டிய மாஸ்க் வேண்டும். வாடை தெரியவில்லை என்று நிம்மதி அடையாதீர்கள், மூக்கு சீக்கிரம் பழகிவிடும்.

துருப் பவுடர் பெரும்பாலும் இரும்பு ஆக்ஸைடு. பெரிய விஷமில்லைதான். ஆனால் அம்பர் (umber) எனும் பழுப்பு மண் நிறப் பவுடரில் மாங்கனீசும் உண்டு. மிஞ்சிய பவுடரை வாயால் ஊதுகிற பழக்கம் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், பெருக்க வேண்டாம்.

அப்புறம் தீ. பவுடரைக் கரைக்க ஊற்றும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுமார் 12 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும். நம் ஊரில் எந்த ராத்திரியும் அவ்வளவு குளிராது. அதே அறையில் சாமி விளக்கோ சிகரெட்டோ கூடாது. ஆயில் பெயிண்ட் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறி, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றிய தகர டின்னில் போட்டு மூடுங்கள்.