அக்டோபர் வெயிலில் கிரீம் ஏன் நிற்க மாட்டேன் என்கிறது?

செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: தீபாவளிக்கு ஆட்கள் வருகிறார்கள், சீதாப்பழமும் கிரீமும் வைத்து மூன்றடுக்கு கேக் போடலாம் என்று பார்த்தால், எவ்வளவு அடித்தாலும் கிரீம் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, இன்னும் கொஞ்சம் அடித்தால் திடீரென்று வெண்ணெயாகிவிடுகிறது, மாமியார் கண் பட்டுவிட்டது என்கிறார், உண்மையா?

கண்ணெல்லாம் படவில்லை. மழை விலகியதும் மும்பைக்கு வருகிற அக்டோபர் வெயில்தான் பட்டிருக்கிறது.

கேக் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. முட்டையும் சர்க்கரையும் அடித்த நுரையில் மைதா சேர்த்து ஓவனில் வைத்தால் குமிழிகள் விரியும், முட்டைப் புரதமும் மாவுச்சத்தும் இறுகி அதை அப்படியே பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கிரீமில் அந்தச் சூடே கிடையாது. ஆனாலும் ஊற்றினால் ஓடுகிற ஒன்று கரண்டியில் நிமிர்ந்து நிற்கிறது.

கிரீமில் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 3, 4 மைக்ரான். தலைமுடியின் குறுக்கே இருபதை வரிசையாக வைக்கலாம். சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருப்பதால் ஒன்றோடொன்று சேராது. அடிக்கத் தொடங்கியதும் பால் புரதங்கள் காற்றுக் குமிழிகளைப் போர்த்திக்கொள்ளும், அது தற்காலிக ஏற்பாடு. அப்புறம் வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். ஃப்ரிட்ஜில் 5 டிகிரியில் இருக்கும்போது துளிக்குள் ஏறக்குறைய பாதிக் கொழுப்பு படிகமாக உறைந்திருக்கும், மீதி எண்ணெய். பீட்டர் சுழலச் சுழலத் துளிகள் மோதி, ஒன்றின் படிக முனை இன்னொன்றின் சவ்வைக் குத்தி, எண்ணெய் கசிந்து இரண்டையும் ஒட்டிவிடும். ஒட்டினாலும் கலந்து ஒரே துளியாகிவிடாது, உள்ளே இருக்கும் படிகக் கூடு விடாது. சம்படத்தில் அடுக்கிய ரவா லட்டு நெய் கசிந்து தொடுகிற இடத்தில் மட்டும் ஒட்டி, மற்றபடி உருண்டையாகவே இருக்குமே, அப்படி. இந்த அரைகுறை ஒட்டல்தான் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறது.

சமையலறை 33, 34 டிகிரியில் இருந்தால் கிரீம் மளமளவென்று சூடேறும். படிகம் குறைந்து எண்ணெய் கூடினால், சுவர் எழும்புவதற்குள் துளிகள் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். இன்னும் சூடேறினால் படிகம் பெயருக்குத்தான் இருக்கும், எவ்வளவு அடித்தும் பயனில்லை. வெண்ணெய் திரளும்போது தாழி உடைவதுதான் பழமொழியில் துக்கம்; இங்கே வெண்ணெய் திரள்வதே துக்கம்.

தயிர் கடைகிற பாட்டிகள் வெயில் காலத்தில் சில்லென்ற தண்ணீரும் மார்கழியில் கொஞ்சம் வெந்நீரும் விட்டது இதே கணக்கில்தான். அதே வீடுகளில் வெண்ணெய் திரளாவிட்டால் திருஷ்டி என்றார்கள், தீட்டு என்று சொல்லிப் பெண்களைத் தாழிப் பக்கமே விடவில்லை. எனக்கு இதில் பொறுமை கிடையாது. பூசணிக்காய் சுற்றும் காசை ஒரு தெர்மாமீட்டரில் போடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘ஃப்ரெஷ் கிரீம்’ என்று விற்பதில் பெரும்பாலும் கொழுப்பு 25 சதவீதம்தான், சுவர் கட்ட அந்தத் துளிகள் போதாது. 35 சதவீதம் உள்ளதாக வாங்குங்கள். கிரீம், கிண்ணம், பீட்டர் கம்பி எல்லாவற்றையும் குளிரவைத்து, கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து அடியுங்கள். பேக்கரி கேக்கின் கிரீம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதைப் பார்த்து ஏங்க வேண்டாம், அதில் பெரும்பாலும் இருப்பது பாலே அல்ல, உருகுநிலை கூடிய தாவரக் கொழுப்பு.

எருமைப்பால் கொழுப்பும் பசுவினதைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில்தான் உருகும், துளிகளும் பெரியவை. நாட்டின் பாலில் கிட்டத்தட்டப் பாதி எருமை தருவதுதான். அதை வைத்து நம்மூர் வெயிலுக்கு ஒரு நல்ல கிரீம் செய்யும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் கொடுக்கலாம், நான் குறை சொல்ல மாட்டேன்.

சீதாப்பழத்தைச் சூடாக்காதீர்கள், கசந்துவிடும். விதை நீக்கிய சதையைக் கிரீமோடு கலந்து அடிக்கவும் வேண்டாம், அதன் தண்ணீர் கிரீமைத் தளர்த்திவிடும். கேக்கின் மேல் கிரீம் தடவி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டு, குளிர்ந்த சதையை நடுவில் பரப்பி அடுத்த அடுக்கை வையுங்கள், வைத்ததும் நேராக ஃப்ரிட்ஜுக்குள்.