ட்ரிகர்: குதிரையா, விசைவில்லா, விசையா?

துப்பாக்கியில் சுட்டுவிரல் படும் சிறு நெம்பையே ஆங்கிலத்தில் ட்ரிகர் என்கிறோம். அதைப் பின்னோக்கி நகர்த்தினால், உள்ளே சுருள்வில்லின் வலுவை அடக்கிக்கொண்டு நிற்கும் சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கி விலகுகிறது. சுத்தியல் பாய்ந்து, தோட்டாவைக் குத்தும் ஊசியை அடிக்கிறது. எனவே ட்ரிகர் தானாக எதையும் சுடுவதில்லை. கட்டுண்டிருப்பதை அவிழ்த்துவிடுவது மட்டுமே அதன் வேலை. இதற்குச் சரியான தமிழ்ச்சொல் எது என்ற கேள்வி, டர்பன் அருகே ஒரு சுடுதளத்தில், அக்காள் மகனுடைய பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழலளவு) கைத்துப்பாக்கிக்கு ட்ரிகர் மாற்றிய பிறகுதான் எனக்கு உண்மையிலேயே எழுந்தது.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். டச்சு மொழியில் 'ட்ரெக்கென்' என்றால் இழுத்தல். இழுக்கும் உறுப்பு 'ட்ரெக்கர்'. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அது 'ட்ரிக்கர்' என்றே ஒலித்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அந்த வடிவமே பெருவழக்கு, இன்றைய வடிவம் பிறகே நிலைத்தது. தென்னாப்பிரிக்காவில் வாழும் நமக்கு இந்த வேர் அந்நியமானது அன்று. மாட்டுவண்டிகளில் உள்நாட்டை நோக்கிப் போன, டச்சு வழிவந்த போயர் குடியேறிகளின் 'ட்ரெக்' என்ற பெயர்ச்சியும், வயலில் ஓடும் டிராக்டருக்கு, டச்சிலிருந்து கிளைத்த ஆப்ரிக்கான்ஸ் மொழியில் வழங்கும் 'ட்ரெக்கர்' என்ற பெயரும் அதே இழுத்தலிலிருந்து வந்தவைதாம். வியப்பு என்னவென்றால், அந்த ஆப்ரிக்கான்ஸ் மொழியே துப்பாக்கியின் உறுப்பை 'ட்ரெக்கர்' என்று அழைப்பதை விட்டு, 'ஸ்னெல்லர்' என்கிறது. 'ஸ்னெல்' என்றால் விரைவு. ஆங்கிலம் விரல் செய்யும் செயலைப் பெயராக்கியது. ஆப்ரிக்கான்ஸோ உள்ளே அவிழும் வேகத்தைப் பெயராக்கியது.

தமிழும் அந்த இரண்டாவது வழியில்தான் போயிருக்கிறது. 'விசைத்தல்' என்ற வினைக்குத் துள்ளுதல், விரைதல், வேகங்கொள்ளுதல் என்ற பொருள்கள் உண்டு. அதன் பெயர்ச்சொல்லாகிய 'விசை' வேகத்தையும், வேகத்தை அடக்கி வைத்திருக்கும் பொறியையும் ஒருசேரக் குறிக்கும். விசைத்தறி, விசைப்படகு, விசைப்பலகை என்று அந்தச் சொல் நம் வாயில் புழங்கிக்கொண்டே இருக்கிறது. விரல் பட்டதும் உள்ளே ஒன்று துள்ளி எழுகிறது என்ற காட்சி முழுவதும் இந்த ஈரெழுத்துச் சொல்லுக்குள் அடங்கிவிடுவதால், ட்ரிகருக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் காணவில்லை.

வேறு இரு சொற்களும் வழக்கில் உள்ளன. கதைகளில் 'துப்பாக்கியின் குதிரையை அழுத்தினான்' என்று படித்திருப்போம். ஆனால் அகராதிகள் குதிரை என்று காட்டுவது பின்னால் மடங்கி நின்று அடிக்கும் சுத்தியலைத்தான்; ஆங்கிலேயர் அதே உறுப்பைச் சேவல் என்றார்கள். விரல் படும் உறுப்பையும் அடிக்கும் உறுப்பையும் ஒரே பெயரால் அழைத்தால், பழுது பார்க்கும் மேசையில் அது குழப்பத்தில்தான் முடியும். ஈழத்து எழுத்துகளில் வரும் 'விசைவில்' அழகான சொல், ஆனால் வில் என்றதும் சுருள்வில்தான் நினைவுக்கு வருகிறது. விரலுக்கு எதிரே தள்ளும் சுருள்வில் வேறு, விரல் படும் நெம்பு வேறு.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். 25 மீட்டர் போட்டிகளுக்கான பாயிண்ட் 22 கைத்துப்பாக்கியின் விசை குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. சோதிப்பவர் குழலை மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிடித்து, விசையின் நடுப்பகுதியில் எடையைக் கொளுவி, மேசையில் இருக்கும் அந்த எடையை மெல்ல உயர்த்துவார். சுத்தியல் விழாமல் எடை மேசையை விட்டு எழும்பினால் தேர்ச்சி. மருமகனின் துப்பாக்கியில் எடை எழும்புவதற்கு முன்பே 'டக்' என்று சுத்தியல் விழுந்தது. புதிய உறுப்புகளைப் பொருத்தித் தந்தவர், கைக்கு இதமாக இருக்கட்டும் என்று அளவுக்கு மேல் இளக்கிவிட்டிருந்தார். அவன் முகம் வாடி என்னைப் பார்த்து, "மாமா, விசையோட விசை பத்தலையா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் நம் சொல்லின் ஒரே குறை இருக்கிறது. இயற்பியலில் விசை என்றால் தள்ளும் அல்லது இழுக்கும் வலு; துப்பாக்கியில் விசை என்றால் ஓர் உறுப்பு. விசையை மேம்படுத்துவது பற்றிப் பேசத் தொடங்கியதும் இரண்டும் மோதிக்கொள்கின்றன. ஆகவே உறுப்பை 'விசை' என்றும், அதை இழுத்துச் சுத்தியலை விழவைக்கத் தேவைப்படும் வலுவை 'இழுப்பு எடை' என்றும் பிரித்தே நான் எழுதுகிறேன். எடையைக் கொளுவி அளக்கும் ஒன்றை எடை என்பதுதான் பொருத்தம்.

மற்ற சொற்களுக்கும் இதே வகையில் தமிழ் கிடைக்கிறது. விரல் பட்டதிலிருந்து எதிர்ப்பு தெரியும் வரை உள்ள வெற்று நகர்வு 'தளர்வு'. எதிர்ப்பு தொடங்கிய பிறகும் கொக்கி உரசி உரசி நகர்வது 'ஊர்வு'. குறி பார்ப்பவனை மிகவும் தொல்லைப்படுத்துவது இதுதான், ஏனெனில் எந்தக் கணத்தில் விழும் என்று விரலுக்குத் தெரிவதில்லை. சுத்தியல் விழுந்த பின்னும் விசை பின்னால் போவது 'மிகைநகர்வு'. ஒரு சிறு திருகாணியால் அதைத் தடுத்து நிறுத்தலாம். ஊர்வைக் குறைக்கத்தான் கொக்கியும் சுத்தியலும் ஒன்றையொன்று தொடும் முகங்களைத் துல்லியமாகக் கடைந்த உறுப்புகளைப் பொருத்துகிறார்கள். அந்த முகங்களை வீட்டில் அரத்தால் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. பிடி குறைந்த கொக்கி, கீழே விழும் அதிர்ச்சியிலேயே சுத்தியலை விட்டுவிடக்கூடும். இங்கே அந்த வேலை, 2000ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற துப்பாக்கிக் கம்மியருக்கு உரியது. சுத்தியலின் சுருள்வில்லை மிகவும் இளக்குவதும் உதவாது: பாயிண்ட் 22 தோட்டாவில் எரிமருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது, விளிம்பை நசுக்கும் அளவுக்கு அடி விழாவிட்டால் தோட்டா வெடிக்காது.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். டச்சு வேர் 'இழு' என்கிறது. தமிழ் வழக்கு 'விசையை அழுத்து' என்கிறது. பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்வது தமிழ் வழக்கையே ஒத்திருக்கிறது: வெடுக்கென்று இழுக்கும் வலக்கைக்காரரின் குண்டு பெரும்பாலும் இலக்கின் கீழ் இடப்பக்கம் போய்விடும், சீராக அழுத்துபவருக்கோ குறி நிலைத்திருக்கும்.

மறுமுறை கம்மியர் மேசையில் துப்பாக்கியைத் திருத்தி வாங்கிய அன்று, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த எழுத்தை மறக்காத மருமகன் தன் பயிற்சிக் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதினான்: 'விசை: தளர்வு சரி. ஊர்வு இல்லை. இழுப்பு எடை 1,050 கிராம்.'