கடைசி மூட்டையில் மட்டும் உப்பு ஏன் கூடுகிறது?

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் உணவகம் நடத்துபவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது: "போன மூட்டை நல்லாத்தான் இருந்துச்சு, இந்த மூட்டையில உப்பு தூக்கல்." இரண்டுமே ஒரே நாளில், ஒரே எந்திரத்தில் கலந்த சாம்பார்ப் பொடிதான். உடனே கலவை போட்டவர் மேல் பழி விழும். "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க" என்பார் மேற்பார்வையாளர். உணவுத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாடு பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலும் எந்திரத்தின் மேல் குற்றமில்லை. நன்றாகக் கலந்த பொடி கீழே கொட்டும்போது மறுபடி பிரிந்துவிடுகிறது.

மிக்சர் பொட்டலத்தின் அடியில் தூளும் காரமும் மட்டும் தங்கிக் கிடக்குமே, அதே கதைதான். மூட்டையில் நிரப்பும் முன் பொடியைக் கொட்டி வைக்கும் புனல் வடிவத் தொட்டிதான் ஹாப்பர். அதில் பொடியைக் கொட்டினால் அது குவியலாக எழும்புகிறது. நைசான மல்லித்தூள் விழுந்த இடத்திலேயே, நடுவில் தங்கும். கல்லுப்புப் போன்ற பருமனான மணிகள் சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும். அடியைத் திறந்தால் பல ஹாப்பர்களில் நடுப்பகுதி முதலில் இறங்கும், ஓரத்தில் இருப்பது கடைசியில் வரும். அப்புறம் கடைசி மூட்டை கரிக்காமல் என்ன செய்யும்? எத்தனை நிமிடம் கூடுதலாகக் கலந்தாலும் இது மாறாது.

உப்பையும் மற்றப் பொடிகளின் பருமனுக்கு அரைத்துச் சேர்ப்பதுதான் முதல் வைத்தியம். கொட்டும் உயரத்தைக் குறையுங்கள். புதிதாக ஹாப்பர் வாங்குவதாக இருந்தால், உள்சுவர் வழவழப்பாகவும் சரிவு செங்குத்தாகவும் இருக்கட்டும். அப்போது நடுவும் ஓரமும் சேர்ந்தே இறங்கும். பொடி அடைத்துக்கொண்டால் சுத்தியலால் தட்டுவது நம் ஆட்களின் பழக்கம். தட்டத் தட்டத் தகடு நெளியும், நெளிந்த இடத்தில் பொடி இன்னும் ஒட்டும்.

மாதிரி எடுப்பதிலும் கோளாறு உண்டு. மூட்டையின் மேலாக ஒரு கரண்டி அள்ளிக்கொண்டு போய்ச் சோதித்தால், அந்தக் கரண்டியின் தரம்தான் தெரியும். பொடி விழுந்துகொண்டிருக்கும்போதே, விழும் தாரையின் முழு அகலத்துக்கும் குறுக்கே பாத்திரத்தை நீட்டிப் பிடியுங்கள். தொடக்கம், நடு, முடிவு என்று பல தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, உப்பைத் தனித்தனியே அளந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அளந்தால் சராசரி சரியாகத்தான் வரும், புகாரும் தொடர்ந்து வரும்.

அடுத்தது நம் ஊர்க் காற்று. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். சிங்கப்பூரின் சராசரியோ 80 சதவீதத்துக்கு மேல். ராத்திரி மூடாமல் விட்ட உப்புக் கலவை காலையில் கட்டியாகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். குளிர் அறையிலிருந்து எடுத்த மூட்டையையும் உடனே பிரிக்காதீர்கள். குளிர்ந்த பொடியில் வெளிக்காற்றின் ஈரம் நீராகப் படியும். மூட்டை அறை வெப்பத்துக்கு வரும்வரை கட்டியபடியே கிடக்கட்டும்.

தரையிலும் உத்தரத்திலும் படியும் தூசியைச் சுத்தத்தோடு மட்டும் சேர்த்துப் பார்க்கக்கூடாது. சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் 2021 பிப்ரவரி 24 அன்று மூன்று பேர் உயிரிழந்த வெடிவிபத்தில், தேங்கிக் கிடந்த உருளைக்கிழங்கு மாவும் தீப்பிடித்தது.

கோதுமை மாவு சைலோ (உயரமான சேமிப்புக் கலன்) வைத்திருப்பவர்கள் "முதலில் வந்தது முதலில் போகிறது" என்று பதிவேட்டில் எழுதுவார்கள். நடுப்பகுதி மட்டும் இறங்கும் சைலோவில் நடப்பது நேர்மாறு. சுவரோரம் ஒட்டிய பழைய மாவு அங்கேயே கிடக்கும், செந்நிற மாவு வண்டு அதில் பெருகும். அவ்வப்போது முழுதாகக் காலி செய்து சுவரைச் சுரண்டாமல் வேறு வழியில்லை. வண்டு விழுந்த மாவைச் சலித்து உபயோகிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கூடாது. வண்டு சுரக்கும் குயினோன் என்ற வேதிப்பொருள் மாவில் கலந்து நெடியேற்றும், சில நேரம் மாவே இளஞ்சிவப்பாக மாறும். சல்லடையில் வண்டு நிற்கும், அந்த நெடி நிற்காது.