யாருடைய அடிமை என்று நிரூபிக்கச் சொன்ன நீதிமன்றம்

சில ஆண்டுகளுக்கு முன், செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட ஒரு கணவன் மனைவிக்காகக் கோட்டாட்சியர் விசாரணை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். வாங்கிய முன்பணத்துக்காக மூன்று பருவங்களாகச் சூளையை விட்டு வெளியேற முடியாமல் கிடந்தவர்கள். அவர்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "நீங்கள் அந்தச் சூளையில்தான் வேலை செய்தீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?" கல் அறுத்த கணக்கு நோட்டு முதலாளியிடம் இருந்தது. முன்பணக் கணக்கும் அவரிடமே. கூட்டிவந்த மேஸ்திரியைக் காணவில்லை. அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். அவை ஆதாரமாகப் பதிவாகவில்லை.

அன்று மாலை எனக்கு நினைவுக்கு வந்தது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர நீதிமன்றம். 1847இல் அங்கே டிரெட் ஸ்காட், ஹாரியட் ஸ்காட் என்ற இன்னொரு கணவன் மனைவியிடமும் ஏறக்குறைய இதே கேள்விதான் கேட்கப்பட்டது. உள்நாட்டுப் போருக்கு நாட்டைத் தள்ளிய தீர்ப்பு என்று வரலாற்று நூல்கள் 1857ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்லும். வழக்கறிஞர் என்ற முறையில் நான் அதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே அந்த வழக்கைப் பார்க்கிறேன். அநியாயம் கடைசிப் படியில் திடீரென்று குதித்துவிடவில்லை. கீழ்ப்படியிலேயே உள்ளே நுழைந்துவிட்டது.

டிரெட் ஸ்காட்டை ஜான் எமர்சன் என்ற ராணுவ மருத்துவர் விலைக்கு வாங்கியிருந்தார். பணி மாறிய இடங்களுக்கெல்லாம் அவரையும் கூட்டிப்போனார். முதலில் இல்லினாய், அடிமைமுறை இல்லாத மாநிலம். பிறகு 1836இல் ஸ்நெல்லிங் கோட்டை. 1820ஆம் ஆண்டின் மிசூரி உடன்படிக்கைச் சட்டம் அடிமைமுறையைத் தடை செய்திருந்த வடக்குப் பிரதேசம். அங்கேதான் டிரெட்டுக்கும் ஹாரியட்டுக்கும் திருமணம் நடந்தது. 1843இல் எமர்சன் இறந்தார். அவருடைய மனைவி ஐரீன் இருவரையும் தன் உடைமையாகக் கொண்டு வாடகைக்கு விட்டார். 1846 ஏப்ரலில் இருவரும் தனித்தனியே விடுதலை மனு போட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாததால், கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டார்கள்.

அடிமை மாநிலமான மிசூரியில் அடிமை ஒருவர் வழக்குப் போட முடிந்ததா என்று கேட்கலாம். முடிந்தது. அதற்கு 1824இல் தனிச் சட்டமே இருந்தது. செயின்ட் லூயிஸ் நீதிமன்றப் பதிவேடுகளில் இப்படிப்பட்ட விடுதலை வழக்குகள் ஏறத்தாழ 300 கிடைத்திருக்கின்றன. அடிமைமுறை இல்லாத மண்ணில் எஜமான் குடிவைத்தவர் விடுதலையானவர், 'ஒருமுறை விடுதலையானவர் என்றும் விடுதலையானவர்' என்பதே அந்த மாநிலத்தின் முன்தீர்ப்பு. அதிலும் 1836இல் ரேச்சல் என்ற பெண்ணை ராணுவ அதிகாரி ஒருவர் இதே ஸ்நெல்லிங் கோட்டைக்குக் கொண்டுபோய் வைத்திருந்த வழக்கில், அவருக்கு விடுதலை உண்டு என்று மிசூரி உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இவ்வளவு பொருத்தமான முன்தீர்ப்பு எந்த வழக்கறிஞருக்கும் எளிதில் கிடைக்காது.

ஆனாலும் 1847இல் தோற்றார்கள். ஸ்காட் தம்பதியை ஐரீனிடமிருந்து வாடகைக்கு எடுத்ததாகச் சொன்ன சாட்சி, குறுக்கு விசாரணையில் அந்த ஏற்பாட்டைத் தன் மனைவிதான் செய்தார் என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்னது, நேரில் அறியாமல் பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் செவிவழிச் சாட்சியம் ஆகிவிட்டது; அதை நீதிமன்றம் ஏற்காது. ஐரீன் இவர்களை அடிமைகளாக வைத்திருக்கிறார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று ஜூரி முடிவு சொன்னது. விளைவு என்ன? யாருக்கு அடிமைகள் என்று நிரூபிக்க முடியாத இருவரும் அதே ஐரீனிடம் அடிமைகளாகத் திரும்பிப் போனார்கள். இந்த ஒரு பக்கத்தை நான் எத்தனையோ இளம் வழக்கறிஞர்களிடம் படித்துக் காட்டியிருக்கிறேன்.

மறுவிசாரணையில், 1850இல், வென்றார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்களை வாடகைக்கு விட்டுக் கூலியை வாங்கி வைத்திருந்தது நீதிமன்றப் பொறுப்பில் இருந்த ஷெரிப். வென்ற விடுதலையை 1852இல் மிசூரி உச்ச நீதிமன்றம் பறித்தது. பழைய தீர்ப்புகள் வந்த காலம் வேறு, இன்றைய காலம் வேறு என்று நீதிபதி வெளிப்படையாகவே எழுதினார். சட்டம் ஒரு எழுத்தும் மாறவில்லை. வடக்கில் அடிமை ஒழிப்புக் குரல் வலுத்திருந்தது, தெற்கு கோபத்தில் இருந்தது. அந்தக் கோபம் தீர்ப்பின் வாசகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஹாமில்டன் கேம்பிள் என்ற ஒரே நீதிபதி, அரசியல் கொந்தளிப்புக்காக முன்தீர்ப்பைக் கைவிடக் கூடாது என்று மாறுபட்டு எழுதினார். அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான்.

அந்தக் கொந்தளிப்பு எப்படிப்பட்டது என்பதற்கு 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் ஒன்றே போதும். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது. அவர் தன் தரப்பில் சாட்சி சொல்லவும் முடியாது. விசாரிக்கும் ஆணையர் அவரை எஜமானிடம் அனுப்பினால் கட்டணம் 10 டாலர். விடுவித்தால் 5 டாலர். முதல் வகைக்கு எழுத்து வேலை அதிகம் என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். அடுத்து 1854இல் கான்சாஸ் நெப்ராஸ்கா சட்டம், அடிமைமுறை வேண்டுமா என்பதைக் குடியேறியவர்களின் வாக்குக்கு விட்டது. கான்சாஸில் ரத்தம் ஓடியது. 1856 மே மாதம், அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய செனட்டர் சார்லஸ் சம்னரை, பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற பிரதிநிதி செனட் அவையிலேயே கைத்தடியால் அடித்து வீழ்த்தினார்.

நாடாளுமன்றம் தீர்க்கத் துணியாததை நீதிமன்றத்தின் தலையில் கட்டினார்கள் அரசியல்வாதிகள். மிசூரியில் தோற்ற ஸ்காட்டின் வழக்கு, கூட்டாட்சி நீதிமன்றம் வழியாக வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருந்தது. அதன் ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அடிமை மாநிலத்தவர். புதிய அதிபர் புக்கானன் பதவியேற்கும் முன்பே நீதிபதிகள் சிலருடன் இந்த வழக்கைப் பற்றிக் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். 1857 மார்ச் 4 அன்று பதவியேற்பு உரையில், நீதிமன்றம் என்ன சொன்னாலும் மகிழ்ச்சியோடு கட்டுப்படுவேன் என்று அறிவித்தார். இரண்டே நாளில், மார்ச் 6 அன்று, தீர்ப்பு வந்தது.

தலைமை நீதிபதி ரோஜர் டானியின் தீர்ப்பை வரி வரியாகப் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் முதலில் அடைத்தது நீதிமன்றத்தின் வாசலை. ஆப்பிரிக்க வழியில் வந்த கறுப்பர், அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும், குடிமகன் ஆக முடியாது. ஆகவே கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் தகுதியே அவருக்கு இல்லை என்றார். அரசமைப்பு எழுதப்பட்ட காலத்தில், வெள்ளையர் மதித்தாக வேண்டிய உரிமை எதுவும் கறுப்பருக்கு இல்லை என்று கருதப்பட்டது என எழுதினார். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் வழக்கு அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அவர் நிறுத்தவில்லை. அடிமை ஒரு சொத்து, சொத்தைச் சட்டமுறையின்றிப் பறிக்க முடியாது, ஆகவே 1820ஆம் ஆண்டின் தடையே செல்லாது என்றும் சேர்த்து எழுதினார். நாடாளுமன்றச் சட்டம் ஒன்றை அந்த நீதிமன்றம் ரத்து செய்தது வரலாற்றில் அது இரண்டாவது முறை.

எதிராக எழுதிய இருவரில் பெஞ்சமின் கர்டிஸின் பக்கங்களை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நியூ ஹாம்ப்ஷயர், மாசச்சூசெட்ஸ், நியூயார்க், நியூ ஜெர்சி, வட கரோலினா என ஐந்து மாநிலங்களில் அரசமைப்பு ஏற்கப்பட்ட காலத்திலேயே விடுதலை பெற்ற கறுப்பர்கள் வாக்குரிமை பெற்றிருந்தார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். டானி சொன்ன வரலாறு தவறு என்று அன்றைக்கே, அதே நீதிமன்றத்தில், ஆதாரத்தோடு நிரூபித்தார். அந்த ஆண்டிலேயே பதவியை விட்டும் விலகினார்.

பிளவை மூடுவதற்காக எழுதப்பட்ட தீர்ப்பு அதை இன்னும் அகலமாக்கியது. அடிமைமுறை பரவுவதைத் தடுப்பதே குடியரசுக் கட்சியின் அடிப்படைக் கொள்கை. அதையே நீதிமன்றம் சட்டவிரோதம் ஆக்கிவிட்டது. குடியேறியவர்களே முடிவு செய்யட்டும் என்ற ஜனநாயகக் கட்சிச் செனட்டர் ஸ்டீபன் டக்ளஸின் நடுவழியும் அடிபட்டது. 1860இல் ஜனநாயகக் கட்சி வடக்கு தெற்காக உடைந்தது. 40 சதவீதத்துக்கும் குறைவான வாக்குகளுடன் லிங்கன் வென்றார். டிசம்பரில் தென் கரோலினா பிரிந்தது. 1861 ஏப்ரலில் பீரங்கி வெடித்தது. போருக்கு இந்தத் தீர்ப்பு மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஏறக்குறைய 40 லட்சம் மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்த பொருளாதாரம் அடியில் இருந்தது. ஆனால் பேசித் தீர்க்க மிச்சமிருந்த வழிகளை அந்தத் தீர்ப்பு அடைத்தது.

இங்கே ஒரு செய்தி சொல்ல வேண்டும். டானியின் தீர்ப்புக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, கம்பெனி ஆட்சி இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவரை அடிமை என்று சொல்லிக் கோரும் எந்தச் சொத்துரிமையையும் எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்றது அது. அங்கே நீதிமன்றம் எஜமானின் கருவியானது. இங்கே அந்தக் கருவி ஏட்டளவில் பிடுங்கப்பட்டது. ஆனால் கடன் என்ற பெயரில் அடிமைத்தனம் தொடர்ந்தது. அதனால்தான் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் தேவைப்பட்டது.

அந்தச் சட்டம் ஸ்காட் தம்பதியைத் தோற்கடித்த இடத்தையே குறிவைத்திருக்கிறது. கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர். அந்தக் கடனை வசூலிக்க முதலாளி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. கட்டாயமாக வேலை வாங்கப்பட்டால், அது முன்பணத்துக்காகத்தான் என்று அனுமானிக்க வேண்டும் என்று 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதுவும் ஒரு கடிதத்தை மனுவாக ஏற்று நடத்திய வழக்கு. ஆகவே சூளையிலோ அரிசி ஆலையிலோ இப்படி ஒரு குடும்பம் கிடப்பது உங்களுக்குத் தெரிந்தால், ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ நீங்களே எழுதுங்கள். அந்தக் குடும்பத்தின் கையில் நோட்டும் ரசீதும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

ஸ்காட் தம்பதிக்கு விடுதலை 1857 மே 26 அன்று வந்தது. எந்த நீதிமன்றத்தின் தீர்ப்பாலும் இல்லை. டிரெட்டின் முதல் எஜமானர் குடும்பத்தைச் சேர்ந்த டெய்லர் புளோ கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தால். டிரெட் ஒரு ஹோட்டலில் சுமை தூக்கினார். 1858 செப்டம்பரில் காசநோயால் இறந்தார். துணி வெளுத்துப் பிழைத்த ஹாரியட் போரையும், 1865இல் அடிமைமுறை ஒழிந்ததையும், 1868இல் பிறப்பால் குடியுரிமை வந்ததையும் பார்த்துவிட்டு 1876இல் மறைந்தார்.

எங்கள் விசாரணை மூன்று அமர்வுகள் நடந்தது. சட்டத்தின் பிரிவை எழுதிக்கொடுத்து, நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் விடுதலைச் சான்றிதழ் வந்தது. அந்தப் பெண் அதை வாங்கி, தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். காட்டினேன். பஸ் வரும்வரை விரலை அந்த இடத்திலிருந்து அவர் எடுக்கவில்லை.